காந்தி கணக்கிலிருந்து தொடங்குங்கள், டீச்சர்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் கோயில் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் புத்தகக் கூட்டம் நடத்த நினைக்கிறோம். 15 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள், அவர்கள் கதையென்றால் தமிழில்தான் படிப்பார்களாம். இந்த ஐந்தாறு வருஷத்தில் வந்த புத்தகங்களாக வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கதையும் வேண்டும், உண்மைச் சரித்திரமும் வேண்டும். என் சித்தி மகன் ஜனவரியில் சென்னை போகிறான், ஆறேழு புத்தகம் வாங்கி வருவான். எதையெல்லாம் வாங்கச் சொல்லட்டும்? இன்னொன்று. 84 வயது ஆயா ஒருவர், “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, டீ போட்டுக் குடுத்துட்டு ஓரமா உக்காந்துக்கறேன்” என்கிறார். அவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியிலிருந்தே தொடங்குகிறேன். எந்தப் புத்தகம் என்ற கேள்விக்கான விடை அந்த ஆயாவிடம்தான் இருக்கிறது.

டர்பனில் நூலகர் வேலையில் 20 வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். நான் முதலில் நடத்திய வாசிப்புக் கூட்டம் ஆறு மாதத்தில் கலைந்துபோனது. அந்த வருஷம் பரிசு வாங்கிய பெரிய நாவலைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். படிக்க முடியாதவர்கள் அடுத்த மாதம் வரவில்லை. பாதி படித்தவர்கள் அதற்கடுத்த மாதம் வரவில்லை. புத்தகம் நல்ல புத்தகம்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வருவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

உங்கள் கூட்டத்தில் யாரையும் வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். கூடத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். கேட்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பழகிப்போன விஷயம். கோயில் திடலில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை, இங்கே எல்லோரும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வோமே, அதை இருந்த இடம் விட்டு நகராமல் கேட்டவர்கள் அவர்கள். அர்ஜுனன் தபசில் எந்த இடத்தில் என்ன பாட்டு வரும் என்று அந்த ஆயாவுக்கு இன்றைக்கும் தெரிந்திருக்கும். எழுத்துத்தான் அவருக்குத் தெரியாது.

ஆகவே முதல் அளவுகோல், காதுக்கு ஏற்ற புத்தகமாக இருக்க வேண்டும். இரண்டாவது அளவுகோல், முடிந்தவரை தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைக்க வேண்டும். பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டுத் தம்பதியும் ஒரே கதையை இரண்டு வாசலில் நுழைந்து வந்து நடுவில் சந்திக்கட்டும். புதுசு என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். தமிழில் பத்து வருஷம் முன்னால் வந்து, இங்கிலீஷில் இப்போதுதான் வந்த புத்தகம் சாட்ஸ்வர்த்துக்குப் புதுசுதான்.

சரி, முதல் புத்தகம். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’. காலச்சுவடு வெளியீடு. இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். நம் ஆட்களின் பணத்தைப் பற்றிய புத்தகம் அது.

தூத்துக்குடியில் 1906இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1908இல் அவரைப் பிடித்து இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கப்பல் கம்பெனி போய்விட்டது, வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் போய்விட்டது. சென்னையில் மனைவி மக்களோடு கையில் காசில்லாமல் இருந்தார். அந்தக் கஷ்டத்தைக் கேள்விப்பட்டுத் தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் பணம் சேர்த்து, இங்கே இருந்த காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915இல் காந்தி இந்தியா திரும்பிவிட்டார். பணம் வ.உ.சி.யின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்துதான் இந்தப் புத்தகத்தின் உயிர். காலை 6 மணிக்கு வந்து பாருங்கள் என்று காந்தி எழுதுகிறார். அந்த நேரத்துக்கு முன்னால் ட்ராம் எப்போது கிளம்பும் என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலையில் வ.உ.சி. இருக்கிறார், ஒரு காலத்தில் கப்பலுக்கே அதிபதியாக இருந்தவர். யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று காந்திக்கு நினைவில்லை. கடிதம் மாற்றிக் கடிதம் போய், கடைசியில் 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்கிறது.

தமிழ்நாட்டில் ‘காந்தி கணக்கு’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. திரும்பி வராத கடன் என்று அர்த்தம். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசில்லாவிட்டால் காந்தி கணக்கில் எழுது என்பார்கள். வ.உ.சி.யின் பணத்தைக் காந்தி கொடுக்கவே இல்லை என்ற வதந்தியும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு பல காலம் உலவியது. வேங்கடாசலபதி இருவர் எழுதிய கடிதங்களையும் தேடி எடுத்து, வரிசையாக வைத்து, நடந்தது என்ன என்று காட்டிவிடுகிறார். காந்தியைத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை, கீழே தள்ளவும் இல்லை. சரித்திரம் எழுதுவது என்றால் இப்படி எழுத வேண்டும்.

கடிதங்கள் என்பதால் படித்துக் காட்டவும் வசதி. ஒருவர் வ.உ.சி., ஒருவர் காந்தி என்று இரண்டு பேர் மாறி மாறிப் படிக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு நீங்களே நடுநடுவே இங்கிலீஷில் சொல்லிவிடுங்கள். பள்ளியில் காந்தியைப் பற்றிப் படித்திருப்பார்கள், அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம் வரை தெரியும். இந்த 347 ரூபாயில் தங்கள் கொள்ளுத் தாத்தாவின் காசும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம் என்பது தெரியாது. அதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இதே ஆசிரியரின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ புத்தகத்துக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தலைவர்களை விட்டுவிட்டு, அன்றைக்குத் தெருவில் நின்ற சாதாரண ஆட்களைத் தேடிப் போகிறது இந்தப் புத்தகம். முழுவதையும் கூடத்தில் படிக்க வேண்டாம், அடிக்குறிப்புகள் நிறைய. தமிழ்நாட்டுத் தம்பதியில் ஒருவரை வீட்டில் படிக்கச் சொல்லி, அந்த ஒரு நாளின் கதையை மட்டும் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

நாவலுக்கு வருகிறேன். பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப்பட்சி’. தமிழில் 2012இல் வந்தது. ஜனனி கண்ணன் மொழிபெயர்ப்பில் ‘ஃபயர் பேர்ட்’ என்று இங்கிலீஷில் வந்து, 2023இல் இந்திய இலக்கியத்துக்கான ஜேசிபி பரிசு வாங்கியது. கூட்டுக் குடும்பத்தில் நிலம் பாகம் பிரிக்கிறார்கள். கடைசித் தம்பி முத்துவுக்குச் சரியான பங்கு கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய அவமானம் ஒன்றும் நடந்துவிடுகிறது. இனி இந்த ஊரில் இருக்க முடியாது என்று, மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு, துணைக்கு ஓர் ஆளோடு புது நிலம் தேடிக் கிளம்புகிறான். நாவல் முழுக்க அந்தப் பயணம்தான். எங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது, எந்த மண் எதற்கு ஆகும், முன்பின் தெரியாத ஊரில் யாரை நம்புவது.

இதை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை என் பாட்டன் பூட்டன் நினைப்பாகவே இருந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏன் ஏறினார்கள் என்று கேட்டால், பஞ்சம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பஞ்சமும் உண்டு, வறுமையும் உண்டு. ஆனால் அண்ணன் தம்பி சண்டையில் ஏறியவன் எத்தனை பேர், அவமானம் தாங்காமல் ஏறியவள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவிலும் இல்லை. சொந்த ஊரை விட்டுவிடலாம் என்று ஒருவன் முடிவெடுக்கும் அந்த ராத்திரியை இந்த நாவல் காட்டுகிறது. தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்கள் நிலத்தைப் பற்றிய நாவல் என்பார்கள். சாட்ஸ்வர்த்தில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். 1960களில், எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வீட்டுச் சாமானோடு லாரியில் வந்து இறங்கியவர்கள் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்களைப் பேச விடுங்கள். நாவலை மூன்று மாதத்துக்குப் பிரித்துக்கொண்டால் அவசரமில்லாமல் போகும்.

கொங்குப் பேச்சு கொஞ்சம் தடுக்கும். தமிழ்நாட்டுத் தம்பதி அந்தப் பக்கத்துக்காரர்களாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் சத்தமாகப் படிக்கும்போது பேச்சுத் தமிழ் தானாகப் புரியும். கண்ணால் படிக்கும்போதுதான் அது முரண்டு பிடிக்கும்.

அப்புறம், நம் ஊரிலேயே எழுதப்பட்ட ஒரு நாவல். ஒலிபரப்பாளராக எல்லோருக்கும் தெரிந்த ஜோஆன் ஜோசப் எழுதி 2021இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் சுகர்கேன்’. இங்கிலீஷ் நாவல். சென்னை மாகாணத்துக் கிராமத்துப் பெண் சாந்தி, கல்யாணத்துக்குத் தப்பி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வருகிறாள். பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு எவ்வளவு தமிழ் வருகிறதோ அவ்வளவில் சொல்லட்டும், திருத்த வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும். தோட்டத்தில் பெண்களுக்கு நடந்த கொடுமைகள் இதில் மறைக்காமல் வருகின்றன. அந்தப் பகுதிகளைக் கூடத்தில் படிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள். கேட்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் அப்படி ஒரு பக்கம் வந்து மோதினால், வயதான பெண்கள் சிலருக்குத் தாங்காது.

அந்த நாவல் ஓடும் மாதங்களில் ஒரு வேலை செய்யலாம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கப்பல் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் வீட்டிலாவது பழைய டின் பெட்டியில் அந்த எண் எழுதிய காகிதம் இருக்கும். கொண்டுவரச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் பட்டியலில் தேடிப் பார்க்க என்னிடம் வாருங்கள், கூட உட்கார்ந்து தேடித் தருகிறேன்.

15, 16 வயதுப் பேரப்பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒன்று வாங்க முடிந்தால், டர்பன் எழுத்தாளர் ஷுப்னம் கானின் ‘தி ஜின் வெயிட்ஸ் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’, 2024இல் வந்தது. டர்பன் கடலோரத்தில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு மாளிகை, அதற்குள் பூட்டிய ஓர் அறை, அதைத் திறக்கும் 15 வயதுப் பெண். தெரிந்த ஊரைப் புத்தகத்தில் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷமே தனி. இங்கே வேறு தலைப்போடு விற்கிறார்கள், ‘தி லாஸ்ட் லவ் ஆஃப் அக்பர் மன்ஸில்’ என்று கேளுங்கள். சென்னையில் வாங்க வேண்டாம்.

சிறுகதைக்கு ஜெயமோகனின் ‘அறம்’. தமிழில் பழையது, பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்த்து ‘ஸ்டோரீஸ் ஆஃப் தி ட்ரூ’ என்று 2022இல் இங்கிலீஷில் வந்தது. 12 கதைகள். உங்கள் கூட்டத்துக்கு அதில் முக்கியமானது ‘சோற்றுக்கணக்கு’. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் என்பவரின் சாப்பாட்டுக் கடை. யாரிடமும் காசு கேட்க மாட்டார். வாசலில் ஒரு டப்பா இருக்கும், இருப்பவர் போடலாம், இல்லாதவர் சும்மா போகலாம். பசியோடு படிக்க வந்த பையன் அங்கே வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறான். முடிவை நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளை ஒட்டி, எல்லோருக்கும் பரிமாறி முடித்தபின் இந்தக் கதையைப் படியுங்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தால் கூடம் அசையாது. காந்தி கணக்கில் தொடங்கியவர்கள் சோற்றுக்கணக்குக்கு வரும்போது, கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச அவர்களிடமே நிறைய இருக்கும்.

கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’ 2025இல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கியது. தீபா பாஸ்தி இங்கிலீஷில் கொண்டுவந்திருக்கிறார். சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. தென்னிந்திய முஸ்லிம் வீடுகளில் இருக்கும் பெண்களின் கதைகள், இதிலும் 12தான். உங்கள் தெருவில் இருக்கும் முஸ்லிம் அக்காமார்களையும் அந்த மாதம் கூப்பிடுங்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொல்லும் இரண்டு நல்ல புத்தகங்கள் உண்டு. இரண்டுமே சாகித்திய அகாதெமி வாங்கியவை என்பதால் யாராவது சொல்வார்கள். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ ஒன்று. ஊருக்கு முடி திருத்தும் குடும்பங்களின் கதை. மிக உயர்ந்த நாவல் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உறவுமுறைகள் பின்னிப் பின்னி வரும், காதால் மட்டும் கேட்பவர்களுக்கு யார் யார் என்று குழம்பிவிடும். மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ இன்னொன்று. மருது பாண்டியர்களைத் தூக்கிலிட்ட பின், 1802இல் 73 பேரைக் கப்பலேற்றி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்திய கதை. கடல் தாண்டிய தமிழர்களாகிய நமக்கு நெருக்கமான விஷயம்தான். ஆனால் பருமன் அதிகம், இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் தம்பதிக்கு வேண்டுமானால் இரண்டையும் வாங்கிக் கொடுக்கலாம்.

வாங்குவது பற்றி. உங்கள் சித்தி மகன் ஜனவரியில் போவது மிகவும் நல்லது. சென்னைப் புத்தகக் காட்சி அந்தச் சமயத்தில் நந்தனத்தில் நடக்கும். தமிழில் புதுப் புத்தகங்கள் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வருகின்றன. எல்லாப் பதிப்பகமும் ஒரே திடலில் இருக்கும், தள்ளுபடியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், கூட்டம் நெருக்கும், வார நாளில் போகச் சொல்லுங்கள். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், பதிப்பகம் எது என்று கடைக்காரர்களே காட்டிவிடுவார்கள். ‘347 ரூபாய் 12 அணா’வில் இரண்டு பிரதி வாங்குங்கள், இரண்டு பேர் படிப்பதற்கு. மற்றதெல்லாம் ஒவ்வொன்று போதும். ‘ஆளண்டாப்பட்சி’, ‘அறம்’ இரண்டுக்கும் இங்கிலீஷ் பிரதியையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். இங்கே புத்தகத்துக்கும் 15 சதவீதம் வாட் வரி, வெளிநாட்டுப் புத்தகமென்றால் விலை இன்னும் ஏறிவிடுகிறது. ‘சில்ட்ரன் ஆஃப் சுகர்கேன்’ போன்ற நம் நாட்டுப் புத்தகங்களை முதலில் நகராட்சி நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் இருக்கும் 15 பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு மேலிடத்தில் கேட்கப் பலம் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்துக்கும் அப்படியே செய்யுங்கள். நம் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று பெயர் சொல்லும் வரிசையில் தமிழும் இருக்கிறது. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்க ஆள் இல்லாததால்தான் அலமாரி காலியாக இருக்கிறது.

ஒரு கூட்டத்துக்கு முக்கால் மணி நேர வாசிப்பு போதும். மீதியெல்லாம் பேச்சு. பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், வேண்டாம். நல்ல தமிழ்ப் புத்தகங்களே சில நூறு பிரதிகள்தான் விற்கின்றன, எழுதுகிறவருக்கும் பதிப்பிக்கிறவருக்கும் அந்தக் காசு போய்ச் சேரட்டும்.

ஆயாவைப் பற்றிக் கேட்டீர்கள். டீயைப் பேரப்பிள்ளைகள் போடட்டும். ஆயா முன் வரிசையில், படிக்கிறவருக்கு நேர் எதிரே, எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி உட்காரட்டும். படிக்கிறவர் அவர் முகத்தைப் பார்த்தே படிக்க வேண்டும். அவர் முகத்தில் புரியவில்லை என்று தெரிந்தால் நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் முதல் கேள்வியை அவரிடம் கேளுங்கள்: “ஆயா, உங்க அப்பா காலத்துல காந்திக்குக் காசு குடுத்தவங்க யாரையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?”